12 வோல்ட் ரூஃப்டாப் ஏசி: கோத்தகிரியில் நானே மாட்டியது, கீழே போய் ஓட்டிப் பார்த்தது

கோத்தகிரிக்காரனுக்கு வண்டியில் ஏசி எதற்கு என்று கேட்காத ஆள் இல்லை. இங்கே மே மாதத்திலும் ராத்திரி கம்பளி இல்லாமல் தூங்க முடியாது, உண்மைதான். ஆனால் பெரிய ஆஸ்பத்திரி, பாதி உறவு, நல்ல ஹார்டுவேர் கடை எல்லாம் எங்களுக்குக் கீழேதான் இருக்கின்றன. ஆயிரம் மீட்டர் இறங்கினால் சுமார் ஆறரை டிகிரி ஏறும் என்பது பொதுக் கணக்கு. இங்கிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர். அதற்குள் ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்கிவிடுகிறோம். குஞ்சப்பனை தாண்டும்போதே ஸ்வெட்டர் கழன்றுவிடும். அடிவாரத்துத் தோப்புகள் கண்ணில் படும்போது வண்டிக்குள் தகரம் காய ஆரம்பிக்கும். பிறந்ததிலிருந்து குளிரில் வளர்ந்த உடம்புக்கு அந்த ஒன்றரை மணி நேர மாற்றம் சாதாரணமில்லை. என் அம்மாவுக்கு 74 வயது. கண் சிகிச்சைக்காக அவரைக் கோவைக்கு அடிக்கடி கூட்டிப் போகவேண்டியிருக்கிறது. விடியற்காலையில் டோக்கன் போடவேண்டும் என்பதால் முந்தின ராத்திரியே போய் வண்டியில் படுத்துக்கொள்வோம். லாட்ஜ் படுக்கை அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதனால் இந்த ஏசி எங்களுக்கு ஆடம்பரம் இல்லை.

வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏசி நல்ல ஏசி, தாராளமாக வாங்கலாம். ஆனால் அதோடு பெட்டிக்குள் வரும் வயர், கேஸ்கெட் (ஏசிக்கும் கூரைக்கும் நடுவே தண்ணீர் இறங்காமல் வைக்கும் மெத்தை), கையேடு மூன்றையும் ஓரமாக வைத்துவிடுங்கள். அந்த மூன்றையும் நம்பி மாட்டினால் நல்ல ஏசிகூட மோசமான ஏசியாகத்தான் தெரியும்.

எங்கள் வண்டி பழைய டிராவலர் வேன். முன்னால் வைத்திருந்தவர் கட்டில், சின்னச் சமையல் மேடை, கூரையில் 400 வாட் சோலார், 12 வோல்ட் 200 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி இரண்டு என்று அக்கறையாகவே செய்து வைத்திருந்தார். ஏசி மட்டும் வீட்டுக்கு மாட்டும் ஒரு டன் ஸ்பிளிட். அவுட்டோர் யூனிட்டைப் பின்கதவுப் பக்கம் ஸ்டாண்டு அடித்து நிறுத்தி, இன்வர்ட்டர் வழியாக ஓட்டினார். வீட்டுச் சுவரில் அசையாமல் இருக்கவேண்டிய செம்புக் குழாயை வளைவிலும் குழியிலும் குலுக்கினால், குழாயை இணைக்கும் ஃப்ளேர் நட்டு உட்காரும் இடத்தில் அது களைத்துப்போகும். காஸ் மெதுவாகக் கசியும். மெக்கானிக் வந்து ரொப்புவார், அடுத்த பயணத்துக்குள் மறுபடி போயிருக்கும். குழாயை மாற்றிக்கொண்டே இருப்பதைவிட அந்த முறையையே விட்டுவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அதற்குப் பதிலாக வாங்கியதுதான் இந்த ஒரே பெட்டி மாடல். கம்ப்ரஸர், கண்டென்ஸர், கூலிங் காயில் எல்லாம் கூரைமேல் உட்காரும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. காஸைத் தொழிற்சாலையிலேயே அடைத்துக் குழாயைப் பற்றவைத்து மூடிவிடுகிறார்கள். மாட்டுகிறவர் குழாயைத் தொடவே வேண்டாம். ஓட்டை, சட்டம், கேஸ்கெட், மின்சாரம், இவ்வளவுதான் வேலை. நானே மாட்டலாம் என்று துணிந்ததற்கு இதுதான் காரணம். டீ ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் பராமரிப்பு பார்க்கிறவன் நான். மின்சாரம் எனக்குப் பழக்கம், காஸ் வேலை பழக்கமில்லை. ஸ்பிளிட் மாடலில் வரும் 12 வோல்ட் ஏசிகளும் விற்கிறார்கள். அவற்றுக்கு வேக்கம் பம்ப், கேஜ், அதை இயக்கத் தெரிந்த கை மூன்றும் வேண்டும். அதை வீட்டு வாசலில் செய்யாதீர்கள்.

இந்த மாடல் சந்தையில் ஒரே கூட்டோடு பல பெயர்களில் கிடைக்கிறது. லாரி டிரைவர்கள் இதைப் பார்க்கிங் ஏசி என்பார்கள். 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு கொண்டுவந்தது நினைவிருக்கும். அந்தக் கேபின் ஏசி பொதுவாக இன்ஜின் பெல்ட்டில் ஓடுவது, வண்டியை நிறுத்தினால் அதுவும் நிற்கும். பார்க்கிங் ஏசி இன்ஜின் நின்ற பிறகு பேட்டரியில் ஓடுவது. வண்டியில் தூங்குகிறவருக்கு வேண்டியது இதுதான். எனக்கு 58 ஆயிரம் ஆனது, பார்சல் கூலி தனி.

பெட்டியின்மேல் 10,000 பிடியு (குளிரூட்டும் திறனின் அளவு) என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். அதை நம்பவேண்டாம். வயரைக் கவ்வி ஆம்பியர் காட்டும் கிளாம்ப் மீட்டரில், டிசி (பேட்டரியின் நேர்திசை மின்சாரம்) பார்க்கும் வகையை வைத்து அளந்தேன். சாதாரண கிளாம்ப் மீட்டர் வீட்டு லைனின் மாறுதிசை மின்சாரத்தை மட்டுமே காட்டும், இதற்கு உதவாது. முழு வேகத்தில் 62 ஆம்பியர், 12.9 வோல்ட். அதாவது 800 வாட். இந்த அளவு கம்ப்ரஸர் ஒரு வாட் வாங்கிக்கொண்டு இரண்டரை, போனால் இரண்டே முக்கால் வாட் வெப்பத்தை வெளியே தள்ளும். அப்படிப் பார்த்தால் இது 7,000 பிடியுவுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு டன் என்பது 12,000 பிடியு, ஆகவே இது முக்கால் டன்கூட இல்லை, 0.6 டன். டிராவலரின் பின்பாதிக்கு அது போதும் என்பது வேறு விஷயம். போதுமான பொருளை ஏன் பொய் சொல்லி விற்கவேண்டும்?

இனி கூரை. மாட்டும் வேலையில் முக்கால்வாசி இதுதான். மின்சார வேலை தவறினால் ஏசி ஓடாது, மோசமானால் தீயே பிடிக்கும், அதைப் பிறகு சொல்கிறேன். கூரை தவறினாலும் வண்டியே போய்விடும், அதுவும் எங்கள் ஊரில். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர், நவம்பரில் ராத்திரி பகலாக ஊற்றும். கூரையில் ஊசிமுனை அளவு சந்து இருந்தாலும் தண்ணீர் ஃபோமுக்குள் இறங்கி, பிளைவுட்டை ஊதவைத்து, உள்ளிருந்து தகரத்தைத் தின்னும். வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும்.

நல்லவேளையாக எங்கள் கூரையில் காற்றோட்ட ஃபேன் இருந்த ஓட்டை 14 அங்குலச் சதுரம், 356 மில்லிமீட்டர். அமெரிக்க முறைக் கேம்பர்களில் வழக்கமான அளவு அது. ஐரோப்பிய முறையில் 400 மில்லிமீட்டர் வரும். வாங்குமுன் உங்கள் ஓட்டையை உள்ளேயிருந்தும் வெளியேயிருந்தும் அளந்துகொள்ளுங்கள். இந்த ஏசி 14 அங்குல ஓட்டையில் அப்படியே உட்காரும் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்தேன். புதிதாகத் தகரம் வெட்டும் வேலை மிச்சம்.

ஃபேனைக் கழற்றியதும் ஓட்டையைச் சுற்றிப் பழைய சிலிகான். வினிகர் வாசம் அடிக்கும் அந்தச் சிலிகானை வண்டித் தகரத்தில் யாரும் தடவக்கூடாது. ஆறும்போது அது விடும் அமிலம் வெறும் தகரத்தை அரிக்கும். போதாததற்கு, அது இருந்த இடத்தில் வேறு எந்தச் சீலன்ட்டும் பிடிக்காது. பிளாஸ்டிக் பட்டி தகட்டால் பொறுமையாகச் சுரண்டி எடுத்தேன். அடியில் முன்பக்க ஓரம் முழுக்கத் துரு. கம்பி பிரஷ், உப்புத்தாள், பிறகு எபாக்ஸி பிரைமர் இரண்டு கோட்டு. கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால், துணியில் கறுப்பு வருவது நிற்கும்வரை துடைத்தேன்.

இந்த வேலைக்கு மாசிப் பங்குனிதான் நல்ல நேரம். அப்போதும் காலை பத்து மணிவரை கூரையில் பனித்தண்ணீர் நிற்கும், நாலு மணிக்கு மேல் மஞ்சு இறங்கிவிடும். பாலியூரித்தேன் சீலன்ட் காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொண்டுதான் இறுகும், ஆனால் தடவும் இடம் காய்ந்திருக்கவேண்டும். இங்கே குளிரில் இறுகுவதும் தாமதமாகும், டியூபில் போட்டிருக்கும் நேரத்தைப்போல இரண்டு மடங்கு விடுங்கள். உச்சி வெயிலில் தடவி, ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடினேன்.

கூரைத் தகரம் ஒரு மில்லிமீட்டர் பருமன்கூட இருக்காது. ஏசி 30 கிலோ. குழியில் வண்டி விழுந்து எழும்போது அந்த 30 கிலோ பலமடங்காகத் தகரத்தை இழுக்கும். கையேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உள்பக்கம் கூரை வளைவுக் கம்பிகள் இரண்டுக்கும் நடுவே ஒன்றரை அங்குல தேக்கு ரீப்பரில் ஒரு சட்டம் அடித்தேன். ஏசியின் நான்கு போல்ட்டும் இழுக்கும் பாரம் இப்போது அந்தச் சட்டத்தின் வழியாகக் கம்பிகளுக்குப் போகிறது, தகரம் நடுவில் வெறுமனே படுத்திருக்கிறது. உள் பேனலும் இந்தச் சட்டத்திலேயே உட்காருவதால் ஆட்டம் இல்லை.

கேஸ்கெட் விஷயத்துக்கு வருகிறேன். பெட்டியில் வந்த கறுப்பு ஸ்பாஞ்சிலிருந்து ஓரமாக ஒரு துண்டு வெட்டி டம்ளர் தண்ணீரில் போட்டேன். விரலால் ஒருமுறை அமுக்கிவிட்டதும் தண்ணீரை இழுத்துக்கொண்டு கனத்தது, எடுத்துப் பிழிந்தால் சொட்டியது. தண்ணீர் குடிக்கும் ஸ்பாஞ்சைக் கூரையில் கேஸ்கெட்டாக வைத்து அனுப்புகிறார்கள் என்பது எனக்கு நிஜமாகவே கோபம் வரவைத்த விஷயம். கோவையில் ரப்பர் ஷீட் விற்கும் கடையில் தண்ணீர் குடிக்காத மூடிய துளை இபிடிஎம் ரப்பர் ஃபோம், 25 மில்லிமீட்டர் கனத்தில் வாங்கி அதே வடிவத்துக்கு வெட்டினேன். மூலையில் ஒட்டு வராதபடி வெட்டவேண்டும், ஒட்டு எங்கே வந்தாலும் அது பின்பக்கம் வரட்டும். ஓட்டும்போது மழை முன்னாலிருந்துதானே அடிக்கும். ஓட்டையின் ஓரத்தில் பியூட்டைல் டேப் ஒரு சுற்று, அதன்மேல் கேஸ்கெட், வெளி ஓரத்தில் சீலன்ட்.

பார்சலில் வரும்போது பெட்டியை எந்தப் பக்கம் படுக்கவைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. கம்ப்ரஸரின் எண்ணெய் குழாய்க்குள் ஓடியிருக்கும். நிமிர்த்தி ஒரு ராத்திரியாவது விட்ட பிறகுதான் கரண்ட் கொடுக்கவேண்டும். இது ஃப்ரிட்ஜுக்கும் பொருந்தும்.

முப்பது கிலோவைக் கூரைக்கு ஏற்றுவதுதான் பலரையும் பயமுறுத்துவது. மலையில் வீடு கட்டியவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. எங்கள் வாசலுக்குப் பின்னால் தடுப்புச் சுவர், சுவருக்கு மேலே பக்கத்து வீட்டு அண்ணனின் தேயிலைத் தோட்டம். வண்டியைச் சுவரை ஒட்டி நிறுத்தினால் கூரையும் தோட்டத்து மண்ணும் ஏறக்குறைய ஒரே மட்டம். ஏசியை மேல் வழியாகத் தோட்டத்துக்குத் தூக்கிவந்து, வரப்பிலிருந்து கூரைக்கு இரண்டு பலகை போட்டு, கோணிச் சாக்கின்மேல் வைத்து நகர்த்தினோம். பாதியில் பலகை வளைந்தது. "ஏனுங் தம்பி, நிக்காதீங்க, நின்னாத்தான் வளையும், தள்ளுங்க" என்றார் அண்ணன். தள்ளினோம், போய்ச் சேர்ந்தது. கேஸ்கெட் வைத்த பிறகு ஏசியை அதன்மேல் இழுக்கவே கூடாது, ஃபோம் மடங்கிவிடும். நேராகத் தூக்கி நேராக இறக்கவேண்டும். அதற்கு மட்டும் நான்கு கை கட்டாயம். உள்ளே ஒரு ஆள் நின்று ஓட்டை வழியாகப் போல்ட் துளை பார்த்துச் சொல்லவேண்டும், அதை என் மகள் செய்தாள்.

போல்ட்டை எதிரெதிர் மூலையாக, ஒவ்வொன்றும் அரைச் சுற்று வீதம் முறுக்குங்கள். 25 மில்லிமீட்டர் கேஸ்கெட் ஏறக்குறைய பாதியாக அமுங்கினால் போதும். அதற்கு மேல் முறுக்கினால் கூரை குழியும், குழியில் தண்ணீர் தேங்கும். அளவுக்கு 12 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு மரத்துண்டைச் செதுக்கி நாலு பக்கமும் நுழைத்துப் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வயர். பெட்டியில் வந்த சிவப்பு, கறுப்பு வயர் பார்க்கத் தடிமனாக இருந்தது. தடிமன் முழுக்க ரப்பர். உள்ளே இருப்பது 10 சதுர மில்லிமீட்டர்தான். ஒரு இழையைப் பிரித்துப் பிளேடால் சுரண்டினேன். மேலே செம்பு நிறம், அடியில் வெள்ளை. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசியது. இதனால் என்ன வரும் என்பதைக் கணக்காகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஏசியைப் பற்றி வரும் புகார்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. எங்கள் வண்டியில் பேட்டரியிலிருந்து ஏசிக்கு நான்கு மீட்டர், போய்வர எட்டு மீட்டர். 62 ஆம்பியர் ஓடும்போது 10 சதுர மில்லிமீட்டர் சுத்தச் செம்பிலேயே 0.85 வோல்ட் வழியில் தொலையும். முலாம் பூசிய அலுமினியத்தில் 1.3 வோல்ட்டுக்குப் போகும். பேட்டரியில் 12.7 இருந்தால் ஏசிக்குப் போய்ச் சேர்வது 11.4. இந்த யூனிட்டில் குறைந்த வோல்ட்டேஜ் கட்-ஆஃப் 11.5-இல் வைத்து வருகிறது. ஆக, பேட்டரியில் தாராளமாகச் சார்ஜ் இருக்கும்போதே ஏசி நின்றுவிடும். வாங்கியவர் பேட்டரியைத் திட்டுவார், இல்லையென்றால் கம்ப்ரஸர் போச்சு என்று திருப்பி அனுப்புவார். அது போக, அந்த 1.3 வோல்ட் சும்மா மறைவதில்லை. 80 வாட் சூடாக வயரிலேயே இறங்குகிறது. பழைய குண்டு பல்பு ஒன்றைப் பிளைவுட்டுக்கும் ஃபோமுக்கும் நடுவே எரியவிட்டதுபோல.

35 சதுர மில்லிமீட்டர் செம்பு வெல்டிங் கேபிள் வாங்கிப் போட்டேன். வழியில் தொலைவது கால் வோல்ட்டாகக் குறைந்தது. லக்கை (கேபிள் முனையில் மாட்டும் செம்புக் காதை) சுத்தியலால் தட்டாமல் ஹைட்ராலிக் கிரிம்பரால் அமுக்கவேண்டும். அமுக்கிய பிறகு காலால் மிதித்துக் கையால் இழுத்துப் பாருங்கள், வந்தால் அது லக் இல்லை. தகரத்தைக் கடக்கும் ஒவ்வொரு இடத்திலும் கேபிள் உரசாமல் ரப்பர் வளையம் (கிராமெட்). கையேடு 60 ஆம்பியர் ஃப்யூஸ் போடச் சொல்கிறது. ஓட்டமே 62 வருகிற இடத்தில் 60 போட்டால் கோடை மதியத்தில் எரிந்துகொண்டே இருக்கும். நான் 100 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ், பேட்டரி முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வைத்தேன். லித்தியம் பேட்டரி ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். மலிவான ஃப்யூஸ் உருகினாலும் உள்ளே தீப்பொறி வளைந்து ஓட்டம் அறுபடாமல் தொடரலாம். கிளாஸ் டி அந்தப் பாய்ச்சலை அறுக்கவென்றே செய்தது. கேபிள், லக், ஃப்யூஸ், ரப்பர் எல்லாம் சேர்த்து 11 ஆயிரம் ஆனது. இதில் மிச்சம் பிடிக்கவேண்டாம்.

ஓட்டிப் பார்த்த கதை. ஏப்ரல் மதியம், மேட்டுப்பாளையம், வெளியே 37 டிகிரி. வெயிலில் நின்ற வண்டிக்குள் 41. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கனத்த திரையை இழுத்துவிட்டு ஏசியைப் போட்டேன். ஃபேக்டரியில் தேயிலையை வாட்டும் விதரிங் ட்ரஃப் காற்றைப் பார்க்க வைத்திருக்கும் தெர்மாமீட்டரைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். உள்ளே இழுக்கும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் 10 டிகிரி வித்தியாசம். எட்டுக்கு மேல் இருந்தால் ஏசி ஆரோக்கியமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். முக்கால் மணி நேரத்தில் 29-க்கு வந்தது, அதற்குக் கீழே வெயில் இருக்கும்வரை போகவில்லை. திரை இல்லாமல் முழு வண்டியையும் குளிரவைக்கப் பார்த்தால் 33-இலேயே நின்றுவிடுகிறது. முன் கண்ணாடி வழியாக வரும் வெயிலை 0.6 டன் சமாளிக்காது. ராத்திரி கோவையில் 26-இல் வைத்தால் புழுக்கமே இல்லாமல் விடிகிறது.

"ஏம்ப்பா, காத்து நேரா நெத்தியிலயே அடிக்குது, கொஞ்சம் தள்ளி உடு" என்று அம்மா சொன்னது நியாயமான குறை. காற்று வரும் துடுப்புகள் முன்னும் பின்னும்தான் திரும்புகின்றன, பக்கவாட்டில் திரும்புவதில்லை. கட்டில் ஏசிக்கு நேர் கீழே இருக்கும் வண்டிகளில் இது தொந்தரவு. ஒரு துடுப்பை முழுதாக மூடி, அக்ரிலிக் தகடு ஒன்றை வளைத்து ஒட்டிக் காற்றைக் கூரையோரமாக ஓடவிட்டேன். அம்மா இப்போது போர்வை கேட்பதில்லை. சத்தம்: குறைந்த வேகத்தில் வீட்டு ஃபேன் ஐந்தில் ஓடும் அளவு. முழு வேகத்தில் கூரைத் தகரமே சேர்ந்து முழங்குகிறது. ஓட்டையைச் சுற்றி இரண்டடிக்கு உள்பக்கம் அதிர்வை அடக்கும் பியூட்டைல் டாம்பிங் ஷீட் ஒட்டிய பிறகு அந்த முழக்கம் அடங்கிவிட்டது. உள்கூரை திறந்திருக்கும்போதே இதை ஒட்டிவிடுங்கள்.

பேட்டரி பற்றி ஆசைகாட்டும் கணக்குகளை நம்பாதீர்கள். 26-இல் வைத்து இரவு ஒன்பதிலிருந்து காலை ஆறுவரை ஓட்டினால் சராசரி 30 ஆம்பியர். ஒன்பது மணி நேரத்துக்கு 270 ஆம்பியர்-அவர். எங்களிடம் இருப்பது 400. ஒரு ராத்திரிக்குத் தாராளம். ஆனால் அதைத் திரும்ப நிரப்புவது? ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் சார்ஜர் 30 ஆம்பியர், கோவையிலிருந்து வீடு வருவதற்குள் 75 ஏறும். 400 வாட் சோலார் நல்ல வெயில் நாளில் 100 தரும், கோத்தகிரி மஞ்சில் அதில் பாதிகூட நிச்சயமில்லை. அடுத்தடுத்து இரண்டு ராத்திரி தங்கவேண்டுமென்றால் எங்கேயாவது பிளக்கில் செருகித்தான் ஆகவேண்டும். நாங்கள் சித்தி வீட்டு வாசலில் செருகிக்கொள்கிறோம். ஒரே ஒரு 200 பேட்டரி வைத்திருப்பவர்கள் விடியும்வரை ஓடும் என்று எதிர்பார்க்கக்கூடாது.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமான ஒரு விஷயம், வாட்டம். காயிலில் படியும் தண்ணீர் அடித்தட்டில் சேர்ந்து பின்பக்கத் துளைகள் வழியாகக் கூரையில் வடிந்து போகவேண்டும். வண்டி மட்டமாக நிற்கிறது என்று நினைத்துத்தான் இதை வடிவமைத்திருக்கிறார்கள். நீலகிரியில் மட்டமான இடம் எங்கே இருக்கிறது? வண்டியின் மூக்கு கீழே சாய்ந்து நின்றால் தண்ணீர் முன்னால் சேர்ந்து, தட்டின் விளிம்பு தாண்டி உள் பேனலுக்குள் சொட்டும். எவ்வளவு சாய்வு தாங்கும் என்று ரசமட்டம் வைத்துச் சோதித்தேன். மூக்கு தூக்கலாக எவ்வளவு நின்றாலும் பிரச்சினை இல்லை. மூக்கு நான்கு டிகிரிக்கு மேல் இறங்கினால் கால் மணி நேரத்தில் சொட்ட ஆரம்பிக்கிறது. ஆகவே சரிவில் நிறுத்தும்போது மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து நிறுத்துங்கள், இல்லாவிட்டால் முன் சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டு ஏற்றுங்கள். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் மசினகுடிக்கு இறங்குகிறவர்கள் இறக்கம் முழுக்க ஏசியை அணைத்துவிடுவது நல்லது. அங்கே ஜன்னல் காற்றே போதும்.

வாங்கும்போது நினைத்துப் பார்க்காத ஒரு பயன் ஆடி, ஐப்பசியில் கிடைத்தது. மழைமாதத்தில் நின்றுகொண்டிருக்கும் வண்டிக்குள் மெத்தை, துணி, மர அலமாரி எல்லாம் பூசணம் பிடிக்கும். பகலில் உள்ளே 20 டிகிரிக்கு மேல் இருக்கும் நேரமாகப் பார்த்து ஈரத்தை எடுக்கும் டிரை மோடில் ஒரு மணி நேரம் ஓட்டினால் பின்துளையிலிருந்து தண்ணீர் ஒழுகுகிறது. அத்தனையும் மெத்தையில் இருக்கவேண்டிய ஈரம். ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரில் 88 சதவீதம் இருந்தது 65-க்கு வந்தது. குளிர் அதிகமான நாளில் இதைச் செய்யாதீர்கள், 18 டிகிரிக்குக் கீழே காயிலில் ஐஸ் கட்டிக் காற்று அடைபடும்.

உயரத்தையும் ஆர்சியையும் மறக்கவேண்டாம். கூட்டின் உயரம் 20 சென்டிமீட்டர். அரவேணு பக்கம் சில தோட்டத்து வழிகளில் சில்வர் ஓக் கிளை தாழ்ந்து வரும், முன்னால் உரசாத வண்டி இப்போது உரசும். மொத்த உயரத்தை அளந்து ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டியிருக்கிறேன். ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு கட்டுப்படுத்துகிறது. மாட்டுவதற்கு முன்பே ஆர்டிஓ ஆபீஸிலும் இன்ஷூரன்ஸிலும் எழுத்தாகக் கேட்டுவிடுங்கள்.

விற்றவரின் சேவையைப் பற்றி நல்லதாகச் சொல்ல முடியவில்லை. கேஸ்கெட், வயர் இரண்டின் படத்தையும் அனுப்பிக் கேட்டதற்கு "எல்லாருக்கும் இதான் சார் அனுப்புறோம்" என்பதுதான் பதில். வாரன்டி ஒரு வருஷம், ஆனால் யூனிட்டைக் கழற்றி நாமே பார்சல் போடவேண்டுமாம். கூரையில் சீலன்ட் போட்டு ஒட்டிய பொருளை யார் கழற்றுவது? அதனால் வாங்கும்போதே கண்டென்ஸர் ஃபேன் ஒன்று, கன்ட்ரோல் போர்டு ஒன்று தனியாகக் கேட்டு வாங்கிவிட்டேன். இரண்டையும் கூரையில் இருந்தபடியே மேல் மூடியை மட்டும் திறந்து மாற்ற முடிகிறது, அந்த அளவில் இதைச் செய்தவர்களைப் பாராட்டவேண்டும். இந்த இரண்டு உதிரியும் தர மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

மாட்டிய ஒரு மாதத்தில் ஃபோம் இன்னும் கொஞ்சம் படியும். உள் பேனலைக் கழற்றி நான்கு போல்ட்டையும் மறுபடி தொட்டுப் பாருங்கள். என் வண்டியில் முன்பக்கத்து இரண்டும் அரைச் சுற்று போயின, பின்பக்கத்து இரண்டும் அசையவில்லை. அப்படியே மரத்துண்டை நுழைத்து அளவு பார்த்துவிட்டு, பேனலை மூடுமுன் கூரையில் ஒரு குடம் தண்ணீரை முன்னாலிருந்து ஊற்றச் சொல்லி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் இதை முடித்துவிடுங்கள்.